அன்னபூர்ணா பேஸ் கேம்ப் நடை: வழியில் எங்கே, என்ன சாப்பிடுவது?

தேன்கூடு:
எல்லாருக்கும் வணக்கம். வர்ற அக்டோபர்ல அம்மாவைக் கூட்டிக்கிட்டு நேபாளத்துல இருக்கிற அன்னபூர்ணா பேஸ் கேம்ப், அதாவது மலையடிவார முகாம் வரைக்கும் நடந்து போறேன். அம்மாவுக்கு 58 வயசு. தினம் காலையில ஆறு கிலோமீட்டர் நடக்கிறவங்க, அதனால நடை பத்தி எனக்குக் கவலை இல்ல. கவலை சாப்பாடுதான். சுத்த சைவம், முட்டை கூடத் தொட மாட்டாங்க. காரசாரம் இல்லாட்டி ரெண்டாம் நாளே "எனக்குப் பசியே இல்லடா"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க.

பொக்காராவிலிருந்து ஜீப்ல போய் இறங்கி, ஜினு டாண்டா, சோம்ரோங், பாம்பூ, தேவ்ராலி, அப்புறம் மச்சபூச்சரே பேஸ் கேம்ப், அன்னபூர்ணா பேஸ் கேம்ப். இதுதான் வழி. ஒவ்வொரு ஊர்லயும் எந்த லாட்ஜ்ல சாப்பாடு நல்லா இருக்கும்னு போனவங்க சொன்னா ஒரு பட்டியல் போட்டு வச்சுக்குவேன்.

நடைராஜா:
தம்பி, ரெண்டு தடவை போயிட்டு வந்தவன் சொல்றேன், பட்டியல் போடாதீங்க. ரெண்டு காரணம்.

ஒண்ணு, அந்தப் பாதையில தங்குற இடம்தான் சாப்பிடுற இடம். அறை வாடகை குறைவா இருக்கும், ராத்திரிச் சாப்பாடும் காலைப் பலகாரமும் அங்கேயே சாப்பிடணும்ங்கிறது எழுதாத ஒப்பந்தம். அறையை இங்க எடுத்துட்டு அடுத்த லாட்ஜ்ல போய் சாப்பிட்டா முகம் சுளிப்பாங்க. சுளிக்கிறதும் நியாயம்தான், அவங்க பொழைப்பே அடுப்படியிலதான் இருக்கு. அக்டோபர்ல தேவ்ராலிக்கு மேலே அறை கிடைக்கிறதே பெரிய விஷயம். நீங்க தேடிப் போற லாட்ஜ்ல இடம் இல்லைன்னா, கிடைச்ச லாட்ஜ்ல கிடைச்சதைத்தான் சாப்பிடப் போறீங்க.

ரெண்டாவது, மெனு அட்டை எல்லா லாட்ஜ்லயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். உள்ளூர் லாட்ஜ்காரங்க கூடி விலை பேசி முடிவு பண்றாங்க. ஒரு ஊருக்குள்ள அலைஞ்சு விலை விசாரிக்கிறதுல பிரயோசனம் இல்ல. தால்பாத், ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், மோமோ, பாஸ்தா, பீட்சா, உருளைக்கிழங்கை நாலு விதமா பண்ணது, சப்பாத்தி, திபெத்திய ரொட்டி, கஞ்சி, சூப். இந்தப் பாட்டுதான் ஜினுவிலிருந்து மேலே வரைக்கும்.

அதனால "எங்கே"ங்கிற கேள்வியை விட்டுட்டு "எந்த ஊர்ல எதை, எந்த நேரத்துல"ன்னு கேளுங்க. அதுக்குப் பதில் இருக்கு.

பசிநாதன்:
நடைராஜா அண்ணன் சொன்னதுல பாதிதான் எனக்கு உடன்பாடு. அட்டை ஒண்ணுதான், ஆனா கை வேற வேற. நம்ம ஊர்லயும் எல்லா ஓட்டல்லயும் சாம்பார்னுதானே எழுதியிருக்கு?

நான் பார்க்கிறது ஒரே விஷயம். மதியம் லாட்ஜ் வாசல்ல நிக்கும்போது கைடுகளும் போர்ட்டர்களும் எந்த அடுப்படிப் பக்கம் போறாங்கன்னு பார்ப்பேன். அவங்க மாசத்துக்கு ரெண்டு தடவை அதே வழியில வர்றவங்க. குக்கர் விசில் கேட்டுச்சுன்னா இன்னும் நல்லது, சோறு இப்போதான் வேகுதுன்னு அர்த்தம். ஆளே இல்லாத லாட்ஜ்ல போய் பாஸ்தா கேட்டீங்கன்னா, போன வாரம் பிரிச்ச பாக்கெட்டும் அதுக்கு முந்தின வாரம் திறந்த சாஸும் வரும்.

எனக்கு நடந்தது அதுதான். ஊர் பேர், லாட்ஜ் பேர் எதுவும் வேண்டாம். வெள்ளை சாஸ் பாஸ்தா சாப்பிட்டேன். மறுநாள் ஹிமாலயாங்கிற ஊர்லேருந்து தேவ்ராலி ரெண்டு மணி நேர நடை, எனக்கு அஞ்சு மணி நேரம் ஆச்சு. மூங்கில் புதர் ஒண்ணு விடாம எனக்குப் பரிச்சயம்.

நடைராஜா:
😀 அதான் சொல்றேன், பாஸ்தாவைத் தொடாதீங்க. அங்க அடுப்படியில அன்னன்னைக்கு நிச்சயமா சமைக்கிற சாப்பாடு ஒண்ணே ஒண்ணுதான், தால்பாத். சோறு, பருப்பு, ஒரு காய், கீரை இருந்தா கீரை, அப்பளம், ஊறுகாய். வீட்டுக்காரங்க, கைடு, போர்ட்டர் எல்லாரும் அதைத்தான் சாப்பிடுறாங்க. சோறும் பருப்பும் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து போடுவாங்க, அதுக்குக் காசு கிடையாது. போதும்னா "புக்யோ"ன்னு சொல்லணும். சொன்னாலும் ஒரு கரண்டி விழும், நம்ம பாட்டி மாதிரி.

பாதை முழுக்க "தால்பாத் பவர், 24 அவர்"னு எழுதின பனியனைப் பார்ப்பீங்க. வேடிக்கையா எழுதினதுதான். ஆனா மதியம் அதைச் சாப்பிட்டவன் சாயங்காலம் நடக்கிறதையும் நூடுல்ஸ் சாப்பிட்டவன் நடக்கிறதையும் பார்த்தீங்கன்னா விளங்கும்.

ஒரு குறை இருக்கு. மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்து தால்பாத் கேட்டா, தயாரா இல்லாத இடத்துல முக்கால் மணி நேரம் ஆகும். கைடு இருந்தா முன்கூட்டியே போன் பண்ணச் சொல்லுங்க. இல்லைன்னா பதினோரு மணிக்கே நிறுத்திச் சொல்லிட்டு, துணி காயப்போட்டு, காலை நீட்டி உட்காருங்க.

குறிஞ்சிப்பூ:
தேன்கூடு, நான் என் மாமியாரோட போனேன். அவங்களும் முட்டை சாப்பிடாதவங்க. உங்க அம்மாவுக்கு ஒரு நல்ல சேதி: சோம்ரோங், சினுவா தாண்டிட்டா இறைச்சியே கிடையாது. அந்தப் பள்ளத்தாக்கு குருங் மக்களுக்குப் புனிதமான இடம், இறைச்சியை மேலே கொண்டுபோகக் கூடாதுன்னு வழக்கம். வழியில பலகையே வச்சிருக்காங்க. மச்சபூச்சரே சிகரத்துல ஏற அனுமதி கிடையாதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 1957-ல போன குழு கூட உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்னு திரும்பினாங்க. சாப்பாட்டு விதியும் அதே பக்தியிலதான் வருது.

ஆனா முட்டை உண்டு. காலையில ஆம்லெட் போட்ட அதே கல்லுல சப்பாத்தி போடுவாங்க. மாமியார் அதைப் பார்த்துட்டாங்க, அன்னைக்குக் காலையில வெறும் டீதான். அடுத்த நாள்லேர்ந்து கஞ்சிக்கு மாறிட்டோம். ஓட்ஸ் கஞ்சி தனிப் பாத்திரத்துல வர்றது, பிரச்சினை இல்ல.

வெங்காயம், பூண்டு வேண்டாம்னா "ப்யாஜ், லசுன் நஹால்னுஸ்"னு சொல்லுங்க. சூப்புக்கும் காய்க்கும் கேட்டுப் போடுவாங்க. பருப்பு ஏற்கெனவே தாளிச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. இறைச்சிக்கு "மாசு"ன்னு பேரு, தூசின்னு நினைச்சுடாதீங்க.

காரத்துக்கு நாங்க எடுத்துட்டுப் போனது: பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் ஒரு சின்ன பாட்டில், வறுத்த மோர்மிளகாய். சோறு அங்க, தொட்டுக்க இங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லப்போனா தேவ்ராலியில அடுப்படி அக்கா மோர்மிளகாய் நாலு வாங்கி வச்சுக்கிட்டாங்க.

சில்லறை:
எல்லாரும் சாப்பாட்டை ஆஹா ஓஹோன்னு சொல்றீங்க, விலையைப் பத்தி யாரும் வாயைத் திறக்கல. நான் போனப்ப கீழே தால்பாத் 500 நேபாள ரூபாய்க்குப் பக்கம், மேலே போகப் போக 800-ஐத் தாண்டிருச்சு. வெந்நீருக்குக் காசு, போன் சார்ஜ் போடக் காசு. பருப்புச் சோத்துக்கு இந்த விலையா? நான் பாதி நாள் பிஸ்கட்டும் என் பையில இருந்த நூடுல்ஸும்தான். வெந்நீர் மட்டும் வாங்கி ஊத்திக்கிட்டேன்.

நடைராஜா:
சில்லறை சார், கோபப்படாதீங்க. 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், மாறாத விகிதம். 800-ன்னா நம்ம 500. பக்கத்து ஊர் வரைக்கும் கூட ரோடு இல்லாத 4,130 மீட்டர்ல, எத்தனை தடவை கேட்டாலும் திரும்பப் போடுற சாப்பாடு. அந்த அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் எப்படி மேலே வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? நெத்தியில பட்டை மாட்டின ஒரு ஆள் முதுகுல வந்துச்சு. சோம்ரோங்கிலிருந்து இறங்கி சினுவாவுக்கு ஏறுற படிக்கட்டுல நம்ம பையையே தூக்க முடியாம நாம நின்னப்ப, நம்மைத் தாண்டிப் போனாரே, அவர்தான்.

விறகு வெட்டி எரிக்கவும் மேலே விட மாட்டாங்க. 1986-ல அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதித் திட்டம் ஆரம்பிச்ச காலத்துலேர்ந்தே காட்டைக் காப்பாத்த விறகுக்குத் தடை வச்சு மண்ணெண்ணெய், கேஸ்னு மாத்தினாங்க. அதுவும் விலையில சேருது.

நூடுல்ஸ் கொண்டுபோய் வெந்நீர் மட்டும் வாங்குறது உங்க இஷ்டம். அறையைக் குறைஞ்ச வாடகைக்கு எடுத்துட்டு அதைச் செய்யறது எனக்கு ஒப்பல.

சில்லறை:
சிலிண்டர் விஷயம் தெரியாது. சரி. ஆனா வெந்நீர் விலை விலைதான்.

ஊசிமருந்து:
நான் மருத்துவத் துறையில் இருப்பவன். தண்ணீர் பற்றியும் உயரம் பற்றியும் சில விஷயங்கள்.

சோம்ரோங்குக்கு மேலே பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் விற்பதில்லை. காய்ச்சிய நீரையோ சுத்திகரித்த நீரையோ லிட்டர் கணக்கில் வாங்க வேண்டும். குளோரின் மாத்திரை வைத்திருந்தால் செலவு மிச்சம். பொட்டலத்தில் போட்ட நேரத்தை மதித்துக் காத்திருக்க வேண்டும், நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் அதிக நேரம். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். பேஸ் கேம்ப்பில் தண்ணீர் 86 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். கிருமிகள் சாக அது போதும், ஆனால் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். அதே காரணத்தால்தான் அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. பசிநாதன் சொன்ன குக்கர் விசில் அங்கே ஆடம்பரம் அல்ல.

அடுத்து, பூண்டு சூப். "உயர நோய் வராது, குடிங்க" என்று எல்லா லாட்ஜிலும் சொல்வார்கள். சூடான, உப்புப் போட்ட சூப் உடம்புக்கு நல்லதுதான், நீர்ச்சத்து சேரும். ஆனால் அது மருந்தல்ல. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. தேவ்ராலி 3,230, மச்சபூச்சரே முகாம் 3,700, அன்னபூர்ணா முகாம் 4,130. ஆக, ஒவ்வொன்றிலும் ஓர் இரவு தங்கினால் கணக்கு சரியாக வருகிறது. தேவ்ராலியிலிருந்து ஒரே மூச்சில் மேலே போய்த் தூங்குபவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

உங்கள் அம்மா "பசி இல்லை" என்றால் அதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். உயரத்தில் பசி மந்தமாவது சகஜம். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கலாம். ஆனால் தலைவலியும் குமட்டலும் சேர்ந்தே வந்தால், அது காரம் இல்லாத குறை அல்ல, உயர நோயின் அறிகுறி. அன்றைக்கு மேலே ஏற வேண்டாம். குறையவில்லை என்றால் கீழே இறங்குங்கள்.

தேன்கூடு:
இது எனக்குத் தோணவே இல்ல சார். அம்மா சாப்பிட மாட்டேன்னா வழக்கமான அடம்னு விட்டிருப்பேன். மச்சபூச்சரே முகாம்ல ஒரு ராத்திரி சேர்த்துட்டேன்.

யாழ்க்காற்று:
வணக்கம். நாங்கள் கொழும்பில இருந்து போனனாங்கள், நாலு பேர். நடைராஜா அண்ணை சொன்ன "எந்த ஊரில எதை" எண்டதுக்கு என்ர பங்கு.

சோம்ரோங் மட்டும் வீட்டுக்குப் பக்கத்திலயே தோட்டம் இருக்கு. கீரை, முள்ளங்கி, பூசணி எல்லாம் பிடுங்கின கையோட சமைக்கினம். அங்க நல்லாச் சாப்பிடுங்கோ. சினுவாவுக்கு அங்கால வயலும் இல்லை, தோட்டமும் இல்லை, மூங்கில் காடும் பாறையும்தான். பிறகு வாறதெல்லாம் உருளைக்கிழங்கும் கோவாவும் (முட்டைக்கோஸ்). பச்சையா வெட்டின சலாட் ஒண்டும் மேல கேக்க வேண்டாம்.

கீழ ஊர்களில "டிடோ" எண்டு கேளுங்கோ. கேழ்வரகு இல்லாட்டி சோளமாவைக் கொதிதண்ணியில போட்டுக் கிண்டுறது. குண்ட்ருக் எண்டு புளிக்க வைச்சு உலர்த்தின கீரை, அதில ஒரு ரசம் மாதிரி தருவினம். எங்கட அப்பா ஒரு வாய் வைச்சிட்டுச் சொன்னார், "இது எங்கட களியல்லோ." அட்டையில இல்லாட்டியும் முதலே சொன்னால் செய்து தருவினம்.

பால்தேத்தண்ணி மேல எல்லாம் பவுடர் பால்தான். இஞ்சி, எலுமிச்சை, தேன் போட்டது நல்லது. பெரிய ஃப்ளாஸ்க்காக எடுத்தால் தனித்தனிக் கோப்பையிலும் பார்க்க லாபம்.

பசிநாதன்:
டிடோவுக்கு ஒரு ஓட்டு. ஊறுகாய்ல "டிமுர்"னு ஒரு மிளகு போடுவாங்க, நாக்கு மரத்துப் போகும். அம்மாவை முதல்லயே எச்சரிச்சுடுங்க, இல்லைன்னா பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி இருக்குன்னு பயப்படுவாங்க.

சோம்ரோங்ல சாக்லேட் கேக் பேர் போனது. தால்பாத் பக்தர்கள் மன்னிக்கணும், இறங்கி வரும்போது அந்தப் படிக்கட்டை ஏறி முடிச்சவங்களுக்கு அது நியாயமான கூலி. கேக்ல முட்டை இருக்கும், அம்மாவுக்கு வேண்டாம்.

குறிஞ்சிப்பூ:
இன்னும் ரெண்டு விஷயம் மறந்துட்டேன். ராத்திரிச் சாப்பாட்டை சாயங்காலம் அஞ்சு, ஆறு மணிக்குள்ள சொல்லிடணும், காலைப் பலகாரத்தை முந்தின ராத்திரியே. நேரத்தையும் சேர்த்துச் சொல்லணும். ஒரே அடுப்படி, முப்பது பேர். ஒரு மேஜையில எட்டுப் பேர் எட்டு விதமா கேட்டா எட்டாவது ஆளுக்கு ஒன்பது மணி. எங்க மேஜையில நாங்களே பேசி எல்லாரும் தால்பாத்னு முடிவு பண்ணோம், ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் போர்வைக்குள்ள போயிட்டோம்.

கைடு, போர்ட்டர் எல்லாரும் விருந்தாளிகள் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாங்க. நாம சீக்கிரம் முடிச்சா அவங்களும் சீக்கிரம் படுக்கலாம்.

கையில ரொக்கமா வச்சுக்குங்க. பொக்காராவை விட்டா ஏடிஎம்மை நம்ப வேண்டாம்.

கடலோரம்:
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். பொக்காராவிலயே எங்க சாப்பிடுறது? ஏரிக்கரையில எல்லாக் கடையும் இத்தாலியன், கொரியன்னு இருக்கு.

நடைராஜா:
ஏரிக்கரை மெயின் ரோட்டை விட்டு ரெண்டு சந்து உள்ள போய் "தகாலி"ன்னு பலகை போட்ட இடமாப் பாருங்க. காளி கண்டகி பள்ளத்தாக்குப் பக்கத்து தகாலி மக்களோட சமையல். வெண்கலத் தட்டு, கறுப்பு உளுந்துப் பருப்பு, அதுல ஜிம்புன்னு ஒரு மலைப்பூண்டு இலையை நெய்யில தாளிச்சு ஊத்துவாங்க. மலையில சாப்பிட்டதுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். நடை முடிஞ்சு வந்து சாப்பிடுங்க. போறதுக்கு முன்னாடி சாப்பிட்டா மேலே இருக்கிற பருப்பு மேல குறை சொல்லத் தோணும்.

தேன்கூடு: (ஐந்து வாரம் கழித்து)
போயிட்டு வந்துட்டோம். நல்லபடியா. எழுதாம விட்டா நல்லா இருக்காதுன்னு எழுதறேன்.

பட்டியல் போடாதது நல்லதாப் போச்சு. தேவ்ராலியில நாலு லாட்ஜ் கேட்டு அஞ்சாவதுல ஒரு அறை கிடைச்சது. எங்களுக்குப் பின்னாடி வந்த பசங்க சாப்பாட்டு ஹால் பெஞ்சுலயே படுத்தாங்க. அன்னைக்கு எந்த லாட்ஜ் சாப்பாடு நல்லா இருக்கும்னு பேச யாருக்கும் தெம்பு இல்ல.

பாம்பூவில மட்டும் நான் புத்தி கெட்டுப்போய் பீட்சா சொன்னேன். சப்பாத்தி மேல சாஸ் தடவி சீஸ் போட்டது வந்தது. பசிநாதன் அண்ணன் ஞாபகம் வந்து பாதியில நிறுத்திட்டேன். அம்மா எதிர்ல உட்கார்ந்து ரெண்டாவது தடவை பருப்பு வாங்கிக்கிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

மச்சபூச்சரே முகாம்ல அம்மா சாப்பிட மாட்டேன்னுட்டாங்க. ஊசிமருந்து சார் சொன்னது ஞாபகம் வந்து தலைவலி இருக்கான்னு கேட்டேன். லேசா இருக்குன்னாங்க, குமட்டல் இல்ல. அங்கேயே தங்கினோம். பூண்டு வேண்டாம்னு சொல்லி காய் சூப், ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கொஞ்சம் சோறும் புளிக்காய்ச்சலும். காலையில தலைவலி போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் ஏறினோம். மேலே சூரியன் வர்றப்ப அம்மா டீ டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க, டீ ஆறிப்போச்சு.

இறங்கும்போது ஜினுவில வெந்நீர் ஊத்துல குளிச்சுட்டு வந்து டிடோ கேட்டோம். அம்மா அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. லாட்ஜ்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எங்க அம்மாவுக்கு நேபாளி தெரியாது. ரெண்டு பேரும் ஒரே துடுப்பை மாத்தி மாத்திப் பிடிச்சுக் கிண்டினாங்க. கட்டி தட்டாம இருக்க அம்மா மாவைத் தண்ணியில கரைச்சு ஊத்தச் சொன்னதை மட்டும் அவங்க ஒத்துக்கல.

யாழ்க்காற்று:
அந்த லாட்ஜ்கார அம்மா சொன்னதுதான் சரி. டிடோவுக்கு மாவை அப்பிடியே கொட்டித்தான் கிண்டுறது. அம்மாவுக்கு என்ர வணக்கம் சொல்லுங்கோ.

சில்லறை:
மார்ச்ல திரும்பப் போறேன், இந்தத் தடவை தால்பாத். பொடி, ஊறுகாய்ல எது உருப்படியா உதவுச்சு?

தேன்கூடு:
பருப்புப் பொடி நாலாம் நாளே காலி, கூடவே எடுத்துட்டுப் போங்க. மோர்மிளகாய் கைடுக்கே பிடிச்சுப் போச்சு. புளிக்காய்ச்சல் கட்டாயம், ஆனா பாட்டில் மூடியை டேப் போட்டு ஒட்டுங்க. உயரத்துல பாட்டிலுக்குள்ள இருக்கிற காத்து வெளிய தள்ளுது. என் தூக்கப்பை இன்னும் பெருங்காய வாசனை அடிக்குது.